சர்க்கரை நோயால் கண் பாதிப்பா? ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை வாங்கும் முன் படிக்க வேண்டியது

"ரெட்டினாவில் சுகர் பாதிப்பு ஆரம்பித்திருக்கிறது" என்று கண் டாக்டர் சொன்ன அன்று ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரும்போது கையில் மூன்று தாள்கள் இருக்கும். ஒன்று ஸ்கேன் ரிப்போர்ட். ஒன்று அடுத்த முறை வர வேண்டிய தேதி. இன்னொன்று சத்து மாத்திரை பெயர் எழுதிய மருந்துச் சீட்டு. பெரும்பாலானவர்கள் மூன்றாவதைத்தான் முதலில் முடிப்பார்கள். மருந்துக் கடை கீழ்த்தளத்திலேயே இருக்கிறது, பத்து நிமிட வேலை. ஸ்கேன் ரிப்போர்ட் பீரோவுக்குள் போய்விடும், அடுத்த தேதி மறந்துபோகும்.

அந்த வரிசையை எப்படி மாற்றுவது, மாத்திரை வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது, எவ்வளவு செலவாகும், எப்போது நிறுத்துவது என்பதுதான் இங்கே விஷயம். தமிழ்நாட்டில் புதிதாக இந்தப் பிரச்சினை தெரியவந்தவர்களையும், அவர்களோடு ஆஸ்பத்திரிக்கு அலையும் வீட்டாரையும் மனதில் வைத்து எழுதியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பைத் தடுக்கும் அல்லது நிறுத்தும் என்று பெரிய ஆய்வுகளில் நிரூபணமான ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை எதுவும் இன்றுவரை இல்லை. அதனால் சீட்டு எழுதிய டாக்டர் ஏமாற்றுகிறார் என்றும் ஆகாது. ரத்தத்தில் சர்க்கரை கூடினால் விழித்திரைச் செல்களில் ஆக்சிஜன் சார்ந்த நச்சுப் பொருட்கள் பெருகி நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சிதைக்கின்றன என்பது ஆய்வுக்கூடத்தில் உறுதியானது. அந்த நச்சைத் தணிக்கும் சத்துகளைத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் என்கிறார்கள். எலிகளில் இவை வேலை செய்திருக்கின்றன. மனிதர்களிடம் நடந்த சிறிய, குறுகிய கால ஆய்வுகளில் நிறம் பிரித்தறிவது, மங்கல் வெளிச்சத்தில் பார்ப்பது போன்றவற்றில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்திருக்கிறது. அதற்கு மேல் போகவில்லை.

1. எந்தக் கட்டம் என்று எழுதி வாங்குங்கள்

"லேசா இருக்கு", "கொஞ்சம் கவனமா இருங்க" என்ற பேச்சோடு வீட்டுக்கு வராதீர்கள். இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும், வலது கண்ணுக்குத் தனியாக, இடது கண்ணுக்குத் தனியாக.

முதல் கேள்வி, பாதிப்பு எந்தக் கட்டம்? ரிப்போர்ட்டில் என்பிடிஆர் என்று இருந்தால் புதிய ரத்தக் குழாய்கள் இன்னும் முளைக்கவில்லை என்று பொருள். அதிலேயே ஆரம்பம், நடுத்தரம், கடுமை என்று மூன்று நிலை உண்டு. பிடிஆர் என்று இருந்தால் வலுவில்லாத புதுக் குழாய்கள் முளைத்துவிட்டன. அவை உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம் கொட்டும்.

இரண்டாவது, பார்வையின் மையப் பகுதியான மாக்குலாவில் நீர் கோத்திருக்கிறதா? இது டிஎம்இ. ஆரம்பக் கட்டத்திலும் வரலாம், முற்றிய கட்டத்திலும் வரலாம். படிக்கும் எழுத்து மங்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்துவிட்டால் கண் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வது. பிடிஆர் கட்டத்திலும் 6/6 பார்வை இருக்க முடியும். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துவிட்டு வருவது விழித்திரைப் பரிசோதனை ஆகாது. சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்தோ, விழித்திரையைப் படமெடுத்தோ பார்த்திருக்க வேண்டும்.

சொட்டு மருந்து விட்டால் நாலைந்து மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், வெயில் கூசும். வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். துணைக்கு ஒருவரும் ஒரு கறுப்புக் கண்ணாடியும் போதும்.

வாங்கி வைக்க வேண்டியவை: விழித்திரைப் படத்தின் பிரதி, விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓசிடி ஸ்கேன் தாள் (அதில் மையப் பகுதியின் தடிமன் மைக்ரானில் இருக்கும், அந்த எண்ணை வட்டமிட்டு வையுங்கள்), கண்ணாடி போட்டுப் பார்த்த பார்வை அளவு, அடுத்த தேதி. எல்லாவற்றையும் செல்போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் தாளில் மை ஓரிரு வருஷத்தில் மங்குவது சகஜம். கையில் ஊசி போட்டு எடுக்கும் ஆஞ்சியோகிராம் சொல்லியிருந்தால், மருந்து அலர்ஜி, ஆஸ்துமா, கிட்னிப் பிரச்சினை இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். மறுநாள் வரை தோலும் சிறுநீரும் மஞ்சளாகத் தெரியும், பயப்பட வேண்டாம்.

பாதிப்பே இல்லாதவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். ஆரம்ப நிலைக்கு ஆறு முதல் பன்னிரண்டு மாதம், நடுத்தரத்துக்கு மூன்று முதல் ஆறு மாதம், கடுமையான நிலைக்கு மூன்று மாதத்துக்குள். பிடிஆர் அல்லது மையத்தில் நீர் என்றால் டாக்டர் சொல்லும் தேதிதான், அதை ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே ஒரு பரிசோதனை வேண்டும், ஏனென்றால் கர்ப்ப காலத்தில் பாதிப்பு வேகமாக முற்றலாம்.

தனியாரில் ஓசிடி செலவு கட்டாது என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் கண் பிரிவுக்குப் போகலாம். சென்னையில் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. காலையில் சீக்கிரம் போய், ஆதார் அட்டையும் பழைய சீட்டுகளும் கையில் வைத்திருந்தால் ஒரே நாளில் முடிய வாய்ப்பு அதிகம்.

2. மாத்திரைக்கு முன் ஐந்து எண்கள்

எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), ரத்த அழுத்தம், கொழுப்பு அளவுகள், கிட்னிக்கான கிரியேட்டினினும் சிறுநீர் ஆல்புமினும், ஹீமோகுளோபின். இந்த ஐந்தும் மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். ஒரு தாளில் தேதியோடு எழுதி, சர்க்கரை டாக்டரிடமும் கண் டாக்டரிடமும் காட்டுங்கள். இரண்டு டாக்டர்களும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம், அந்தத் தாள்தான் அவர்களுக்குள் பேசும்.

ஏன் இவ்வளவு வலியுறுத்த வேண்டும்? 1993-இல் வெளிவந்த டிசிசிடி ஆய்வில், முதல் வகை சர்க்கரை நோயாளிகள் எச்பிஏ1சியை 7 சதவீதத்துக்கு அருகில் வைத்திருந்தபோது, கண் பாதிப்பு புதிதாக வரும் ஆபத்து 76 சதவீதம் குறைந்தது. ஏற்கெனவே பாதிப்பு இருந்தவர்களுக்கு அது முற்றுவது 54 சதவீதம் குறைந்தது. 1998-இல் வந்த பிரிட்டனின் யுகேபிடிஎஸ் ஆய்வில், இரண்டாம் வகை நோயாளிகளின் ரத்த அழுத்தத்தைச் சராசரி 154/87-இலிருந்து 144/82-க்குக் கொண்டுவந்ததிலேயே விழித்திரைப் பாதிப்பு முற்றுவது 34 சதவீதம் குறைந்தது. பிரஷரைப் பத்துப் புள்ளி இறக்கியதே செய்த வேலை அது. இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வந்து நிற்கக்கூடிய ஆன்டிஆக்ஸிடன்ட் ஆய்வு கிடையாது.

எண்களை வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி தவறாகக் காட்டலாம், அதனால்தான் ஹீமோகுளோபினையும் சேர்த்துச் சொன்னது. இன்னொன்று பலருக்குத் தெரியாதது. பல வருஷமாக 11, 12 என்று இருந்த எச்பிஏ1சியை இன்சுலின் அல்லது செமாகுளூடைட் போன்ற ஊசிகளால் சடாரென்று இறக்கினால், முதல் சில மாதங்களில் கண் பாதிப்பு தற்காலிகமாகக் கூடலாம். அதற்காகச் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. புதிய ஊசி ஆரம்பிக்கும் முன் விழித்திரையைப் பார்த்துக்கொண்டு, அடுத்த பரிசோதனையை முன்கூட்டியே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சர்க்கரை டாக்டரிடம் ஃபெனோஃபைப்ரேட் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள். இது ஆன்டிஆக்ஸிடன்ட் வகையில் சேராது, கொழுப்புக்குத் தரும் பழைய மாத்திரை. ஆனால் கண்ணுக்கு வாய் வழி எடுக்கும் மாத்திரைகளில் உருப்படியான ஆதாரம் இதற்குத்தான் இருக்கிறது. 2007-இல் ஃபீல்டு ஆய்வில் லேசர் தேவைப்பட்டவர்கள் 4.9 சதவீதத்திலிருந்து 3.4 சதவீதமாகக் குறைந்தார்கள். 2024-இல் ஸ்காட்லாந்தில் நடந்த லென்ஸ் ஆய்வில், ஆரம்ப நிலைப் பாதிப்பு உள்ளவர்களுக்கு அது முற்றுவதோ சிகிச்சை தேவைப்படுவதோ 27 சதவீதம் குறைந்தது. கிட்னி மோசமாக உள்ளவர்களுக்கு ஆகாது, கிரியேட்டினின் பார்த்துத்தான் கொடுப்பார்கள். கடையில் நீங்களே கேட்டு வாங்கும் மாத்திரை இல்லை இது.

சுகர், பிரஷர் மாத்திரைகளுக்கே மாதம் பணம் இழுக்கிறது என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இவ்விரண்டுக்கும் மருந்து வீடு தேடி வருகிறது. மிச்சமாகும் பணம் ஓசிடி ஸ்கேனுக்கு ஆகும்.

3. சீட்டில் எழுதியது எந்த ரகம் என்று பாருங்கள்

கண் சத்து மாத்திரை என்று கடையில் விற்பதெல்லாம் ஒன்றல்ல. பெரும்பாலும் கீழ்க்கண்ட ரகங்களில் ஒன்றாக இருக்கும்.

ஏரெட்ஸ்2 கலவை. இதுதான் அதிகம் எழுதப்படுவது, அதிகம் குழப்புவதும் இதுதான். அதன் முழு அளவு: வைட்டமின் சி 500 மி.கி., வைட்டமின் இ 400 ஐயூ, துத்தநாகம் 80 மி.கி., தாமிரம் 2 மி.கி., லூட்டின் 10 மி.கி., ஸியாக்ஸாந்தின் 2 மி.கி. இந்தக் கலவைக்கு உண்மையான ஆதாரம் உண்டு, ஆனால் வேறு நோய்க்கு. வயதானவர்களுக்கு மாக்குலா தேய்ந்துபோகும் ஏஎம்டி என்ற நோயின் நடுக்கட்டத்தில் உள்ளவர்களுக்கு அது முற்றுவதைக் குறைக்கும். 2001-இல் வந்த முதல் ஆய்வும் (ஏரெட்ஸ்) 2013-இல் வந்த இரண்டாவது ஆய்வும் (ஏரெட்ஸ்2) அந்த நோயைப் பற்றியவை. பெட்டியில் "விழித்திரை நலனுக்கு மருத்துவ ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று போட்டிருந்தால் எந்த நோய்க்கு என்று கேளுங்கள். உங்களுக்கு இரண்டு நோயும் சேர்ந்திருந்தால் கதை வேறு, அப்போது டாக்டர் எழுதுவதில் நியாயம் இருக்கிறது. "எனக்கு ஏஎம்டியும் இருக்கா, டாக்டர்?" என்ற ஒரே கேள்வியில் இது தெளிந்துவிடும்.

வைட்டமின் இ தனியாக. இதயநோய் ஆபத்துள்ளவர்களிடம் நடந்த ஹோப் ஆய்வில் சர்க்கரை நோயாளிகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். தினமும் 400 ஐயூ, சுமார் நாலரை வருஷம். கண், கிட்னி போன்ற நுண்குழாய்ப் பாதிப்புகளில் எந்தப் பலனும் இல்லை. நீண்ட காலத் தொடர்ச்சியில் இதயச் செயலிழப்பு சற்றுக் கூடியது. அதே அளவைத் தினமும் எடுத்த ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக 2011-இல் வேறோர் ஆய்வு காட்டியது. தோல் பளபளப்புக்கென்று கடையில் கொடுக்கும் பச்சை கேப்சூலும் இதே வைட்டமின் இ-தான், இதே அளவிலும் விற்கிறது.

ஆல்ஃபா லிபோயிக் ஆசிட். கால் எரிச்சலுக்கு மெத்தில்கோபாலமினோடு சேர்த்து ஏற்கெனவே நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கலாம். கண்ணுக்கும் நல்லது என்று சொல்லி இன்னொரு பெயரில் மறுபடி எழுதுவதுண்டு. மாக்குலாவில் நீர் கோப்பதைத் தடுக்குமா என்று ஜெர்மனியில் 467 இரண்டாம் வகை நோயாளிகளுக்குத் தினமும் 600 மி.கி. வீதம் இரண்டு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். தடுக்கவில்லை.

லூட்டின், ஸியாக்ஸாந்தின் மட்டும் உள்ளவை ஆபத்து குறைந்தவை. ஆதாரமும் குறைவு. திராட்சை விதை, பைன் பட்டை, பில்பெர்ரி, அஸ்டாஸாந்தின் என்று பத்துப் பதினைந்து பொருள் கலந்தவை கடைசி ரகம். ஒவ்வொன்றும் எவ்வளவு என்று அட்டையில் இருக்காது, மொத்தக் கலவை இத்தனை மி.கி. என்று மட்டும் இருக்கும். இவற்றை விட்டுவிடலாம் என்பதே சரியான ஆலோசனை.

4. அட்டையைத் திருப்பிப் படியுங்கள்

உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் முத்திரையும் 14 இலக்க எண்ணும் இருந்தால் அது சட்டப்படி உணவுப் பொருள். "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று சிறிய எழுத்தில் எங்காவது இருக்கும். டாக்டர் சீட்டில் எழுதினார் என்பதால் அது மருந்தாகிவிடாது. மருந்துக்கு வேண்டிய நோய் தீர்க்கும் ஆய்வு எதையும் காட்டாமலே அது சந்தைக்கு வரலாம்.

அடுத்தது அளவு. பெட்டியின் முன்பக்கம் பெரிதாக "லூட்டின் 10 மி.கி." என்றிருக்கும். பின்பக்கம் "ஒரு நாளைக்கு இரண்டு கேப்சூல்" என்று இருந்தால் ஒன்றில் 5 மி.கி.தான். ஒன்று மட்டும் எடுப்பவர் பாதி அளவுக்கு முழு விலை கொடுக்கிறார். ஏரெட்ஸ்2 என்று பெயரில் இருந்தாலும் மேலே சொன்ன ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பல பொருட்களில் துத்தநாகமும் வைட்டமின் இ-யும் வெகு குறைவாக இருக்கும். அது ஏரெட்ஸ்2 ஆகாது.

பீட்டா கரோட்டீன் இருக்கிறதா என்று தனியாகத் தேடுங்கள். முதல் ஏரெட்ஸ் ஆய்வின் பழைய கலவையில் அது 15 மி.கி. இருந்தது. புகை பிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுகிறது என்று தெரிந்த பிறகுதான் லூட்டினை அதன் இடத்தில் வைத்தார்கள். விட்டுவிட்டவர்களுக்கும் இது பொருந்தும். பீடியும் இதில் சேர்த்திதான். பழைய கலவை இன்னும் சில கடைகளில் இருக்கிறது.

தண்ணீரில் கலக்கும் பொடி, சிரப், சப்பும் மாத்திரை ரகங்களில் சர்க்கரையோ, அதைப் போலவே சுகரை ஏற்றும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்தோ இருக்கும். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரைப் பாகில் சத்து கொடுப்பதை என்ன சொல்ல.

5. டாக்டரிடம் கேட்காமல் தொடக் கூடாதவர்கள்

கிட்னி பாதிப்பு உள்ளவர்கள் முதலில் வருகிறார்கள். கண்ணில் பாதிப்பு வந்தவர்களுக்குக் கிட்னியிலும் இருக்க வாய்ப்பு அதிகம். அதிக அளவு வைட்டமின் சி ஆக்ஸலேட்டாக மாறிச் சிறுநீரகக் கல் உண்டாக்கலாம். சத்து மாத்திரைகளில் கூடவே வரும் பி வைட்டமின்களும் இங்கே சாதாரணமானவை இல்லை. சர்க்கரையால் கிட்னி பாதித்தவர்களுக்கு ஃபோலிக் ஆசிட், பி6, பி12 மூன்றையும் மிக அதிக அளவில் கொடுத்த ஆய்வு ஒன்றில் கிட்னி இன்னும் வேகமாகக் கெட்டது. 2010-இல் வெளிவந்தது அது. மெட்ஃபார்மின் எடுப்பதால் பி12 குறைந்து, அதற்காக டாக்டர் தரும் மாத்திரையை இதை வைத்து நிறுத்திவிடாதீர்கள். அது அளவு பார்த்துத் தருவது.

வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற ரத்தம் உறையாத மாத்திரை எடுப்பவர்களுக்கு வைட்டமின் இ அதிக அளவில் ரத்தக் கசிவைக் கூட்டலாம். ஜிங்கோ என்ற மூலிகை கலந்தவையும் அப்படியே. கண் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியவர்கள் எடுக்கும் எல்லாச் சத்து மாத்திரையையும் மீன் எண்ணெய் உட்பட அட்டையோடு காட்டுங்கள்.

கையில் சென்சார் ஒட்டிச் சுகர் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது: சில சென்சார்களில், ஒரு நாளைக்கு 500 மி.கி.க்கு மேல் வைட்டமின் சி எடுத்தால் சுகர் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்து இன்சுலினைக் கூட்டினால் சுகர் இறங்கி மயங்கி விழும் ஆபத்து உண்டு. சென்சார் பெட்டியில் உள்ள குறிப்பைப் படியுங்கள், சந்தேகமான எண்ணை விரல் நுனி ரத்தத்தில் சரிபாருங்கள். விரல் நுனி மீட்டர்களிலும் சில மிக அதிக வைட்டமின் சி-யில் தடுமாறும்.

இன்னும் சில. பயோட்டின் என்ற பி வைட்டமின் கலந்திருந்தால் தைராய்டு, இதய ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனைகள் தவறாக வரலாம். ரத்தம் கொடுக்கும் முன் லேபில் சொல்லுங்கள். இன்சுலின் எடுப்பவர்கள் ஆல்ஃபா லிபோயிக் ஆசிட் ஆரம்பித்தால் முதல் வாரங்களில் சுகரை அடிக்கடி பாருங்கள், அபூர்வமாகத் தாழ்சர்க்கரை வந்திருக்கிறது. 80 மி.கி. துத்தநாகம் வயிற்றைப் புரட்டும். தாமிரம் சேராமல் மாதக்கணக்கில் எடுத்தால் தாமிரக் குறைவும் ரத்தசோகையும் வரும்.

6. கணக்குப் போட்டுப் பாருங்கள்

அட்டை விலையை மாத்திரை எண்ணிக்கையால் வகுத்து, ஒரு நாளைக்கு எத்தனை என்று பெருக்கி, 365-ஆல் பெருக்குங்கள். நாளைக்கு 20 ரூபாய் என்றால் வருஷம் 7,300. மாதக் கணக்கில் 600 என்று கேட்கும்போது சின்னதாகத் தெரியும். பல உயிர்காக்கும் மருந்துகளுக்கு அரசு உச்ச விலை வைத்திருக்கிறது. உணவுப் பொருளாக விற்கும் சத்து மாத்திரைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, ஒரே கலவை இரண்டு பெயரில் இரண்டு மடங்கு விலை வித்தியாசத்தில் கிடைக்கும்.

வருஷத்துக்கான அந்தத் தொகைக்குள் முதலில் வர வேண்டியவை: தேதி தவறாத விழித்திரைப் பரிசோதனை, மூன்று மாதத்துக்கு ஒரு எச்பிஏ1சி, வருஷம் ஒரு முறை கொழுப்பும் கிட்னியும், வீட்டில் ஒரு பிரஷர் மீட்டர். இவை முடிந்து பணம் மிஞ்சினால்தான் மாத்திரை.

மாக்குலா நீருக்குக் கண்ணுக்குள் போடும் ஊசி சொல்லியிருந்தால் செலவு வேறு மாதிரி. பெவாசிஸுமாப் ஒரு ஊசி சில ஆயிரத்தில் முடியும், ரானிபிஸுமாபும் அஃப்ளிபெர்செப்டும் அதைப் போலப் பல மடங்கு. ஆரம்பத்தில் மாதம் ஒன்றாகத் தொடர்ந்து சில ஊசிகள் தேவைப்படும். "எத்தனை ஊசி, எந்த மருந்து, விலை குறைந்தது எனக்கு ஆகுமா?" என்று முதல் ஊசிக்கு முன்பே கேளுங்கள். இரண்டாவது ஊசியில் பார்வை தெளிந்ததும், மிச்சத்துக்குப் பதில் சத்து மாத்திரை போதும் என்று நிறுத்துவதுதான் இந்த நோயில் நடக்கும் மிக விலையுயர்ந்த தவறு. நீர் திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பார்வையை எடுத்துக்கொண்டு போகும்.

லேசர், விழித்திரை ஆபரேஷன் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வழி உண்டா என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் கேளுங்கள். ரேஷன் கார்டு, குடும்பத்தினர் ஆதார், வருமானச் சான்று வேண்டும். அட்டை இல்லாதவர்கள் தேவை வரும்வரை காத்திருக்காமல் இப்போதே எடுத்து வைப்பது நல்லது. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துக் கைக்கு வர நாளாகும், விழித்திரையில் ரத்தம் கொட்டினால் அவ்வளவு நாள் இருக்காது. தனியார் காப்பீட்டில் சத்து மாத்திரைக்குப் பொதுவாகப் பணம் வராது.

7. எடுப்பதென்று முடிவானால்

எல்லாம் பார்த்த பிறகும் டாக்டர் எடுக்கச் சொல்கிறார், உங்களுக்கும் விருப்பம் என்றால் ஆறு மாதத்துக்கு மட்டும் எடுங்கள். ஆரம்பிக்கும் நாளை ஃபைலில் எழுதுங்கள், பக்கத்தில் அன்றைய பார்வை அளவு, ஓசிடி தடிமன், எச்பிஏ1சி.

ஒரே நேரத்தில் ஒரே பொருள். கால் எரிச்சலுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, சோர்வுக்கு ஒன்று என்று மூன்று சீட்டிலும் ஒரே துத்தநாகமும் ஒரே பி வைட்டமினும் இருக்கும். எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பி, திரும்பத் திரும்ப வருவதை அடையாளமிட்டு டாக்டரிடம் கேட்டுக் குறையுங்கள்.

லூட்டினும் வைட்டமின் இ-யும் கொழுப்பில் கரைபவை. காலையில் வெறும் வயிற்றில் வேண்டாம், மதியச் சாப்பாட்டுக்குப் பின் எடுங்கள். துத்தநாகத்தால் வரும் குமட்டலும் அப்போது குறையும். தைராய்டு மாத்திரைக்கும் துத்தநாகம், இரும்பு, கால்சியம் உள்ள மாத்திரைக்கும் நாலு மணி நேர இடைவெளி விடுங்கள். சிப்ரோஃப்ளாக்ஸசின், டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாட்டிக் எடுக்கும் நாட்களில் சத்து மாத்திரையை நிறுத்திவைப்பதே சுலபம். ஆறு மாதத்துக்குச் சேர்த்து வாங்கினால் தள்ளுபடி என்பார்கள். முதலில் ஒரு மாதத்துக்கு வாங்குங்கள், வயிறு ஒத்துக்கொள்கிறதா என்று தெரியட்டும்.

ஆறு மாதம் முடிந்ததும் அதே பரிசோதனைகளை எடுத்து பழைய எண்களோடு வையுங்கள். அந்த இடைவெளியில் எச்பிஏ1சி 10-இலிருந்து 7.5-க்கு வந்திருந்து கண்ணும் தேறியிருந்தால், பெருமையை மாத்திரைக்குக் கொடுக்க முடியாது. மாற்றமில்லை அல்லது மோசம் என்றால் நிறுத்தலாமா என்று கேளுங்கள். திடீரென நிறுத்துவதால் கண்ணுக்குக் கெடுதல் இல்லை.

8. சமையலறையில் இருப்பது

லூட்டினுக்குக் கீரையைவிட மலிவான வழி கிடையாது. முருங்கை, அரை, சிறு, பொன்னாங்கண்ணி எதுவானாலும் சரி, வாரத்தில் நாலைந்து நாள். கொஞ்சம் எண்ணெய் விட்டுத் தாளித்துச் சாப்பிட்டால் லூட்டின் உடம்பில் சேரும். முட்டை மஞ்சள் கரு, மக்காச்சோளம் இரண்டிலும் லூட்டின், ஸியாக்ஸாந்தின் உண்டு, ஆனால் மக்காச்சோளம் மாவுச்சத்துக் கணக்கில் வரும், சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். வைட்டமின் சி-க்கு பெரிய நெல்லிக்காய் ஒன்று போதும். தேனில் ஊறியதோ ஜூஸ் பாட்டிலோ வேண்டாம். கேரட்டையும் ஜூஸாக்காமல் பொரியலாகச் சாப்பிடுங்கள்.

கிட்னி பாதிப்பால் ரத்தத்தில் பொட்டாசியம் கூடியவர்கள் கீரை அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வார்ஃபரின், அசிட்ரோம் எடுப்பவர்கள் ஒரு வாரம் நிறைய, ஒரு வாரம் இல்லை என்று மாற்றாமல் ஒரே சீராகச் சாப்பிட வேண்டும்.

பொன்னாங்கண்ணியைச் சாப்பிடுங்கள், கண்ணில் பிழிந்துவிட வேண்டாம். நந்தியாவட்டைச் சாறு, தேன், விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதுவும் கண்ணுக்குள் போகக் கூடாது. கண்ணின் முன்பக்கத்தில் விடும் எதுவும் பின்னால் இருக்கும் விழித்திரைக் குழாயைச் சரிசெய்யாது. சர்க்கரை நோயாளிக்குக் கருவிழியில் கிருமித் தொற்று வந்தால் ஆறுவது கஷ்டம்.

9. மாத்திரையை மறந்துவிட்டு ஓட வேண்டிய நேரம்

கண் முன்னே திடீரெனக் கறுப்பு நூல், கொசு, புகை மாதிரி நிறையத் தெரிந்தால். ஓரத்திலிருந்து திரை இறங்குவது போல் மறைத்தால். மின்னல் வெட்டுவது போல் இருந்தால். நேர்க்கோடு வளைந்து தெரிந்தால். ஒரு கண் சட்டென்று மங்கினால். இவற்றில் எது வந்தாலும் அன்றே விழித்திரை டாக்டரிடம் போக வேண்டும். கண்ணுக்குள் ஊசி போட்ட சில நாளில் வலி, சிவப்பு, பார்வை மங்கல் மூன்றும் சேர்ந்தால் சில மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது, உள்ளே கிருமித் தொற்றாக இருக்கலாம்.

ஒரு கண் கெடும்போது மற்றக் கண் ஈடுகட்டிவிடுவதால் பலருக்கு மாதக்கணக்கில் தெரியாமலே போகிறது. வாரம் ஒரு நாள், காலையில் காலண்டர் கிழிக்கும்போது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கண்ணாகப் பொத்தித் தேதித்தாளில் உள்ள சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள். ஒரு பக்கம் எழுத்து மங்கினாலோ வரி நெளிந்தாலோ, ஃபைலையும் எடுக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.